பவளப்பாறையைச் சுட்டுக் கட்டிய ஆலயங்கள்: ராரோடோங்காவின் வெள்ளைச் சுவர்களுக்குப் பின்னால்

கேள்வி இதுதான்: “பசிபிக் கடலில் குக் தீவுகளின் படங்களைப் பார்க்கும்போது, ஒவ்வொரு கிராமத்திலும் வெள்ளை வெளேரென்று ஒரு பழைய தேவாலயம் தெரிகிறது. சிமெண்டோ இரும்போ இல்லாத அந்தக் காலத்தில், அவ்வளவு சிறிய தீவுகளில் வெள்ளைக்கார மிஷனரிகள் அவற்றை எப்படிக் கட்டினார்கள்? இன்று அவை சுற்றுலா இடங்கள் மட்டும்தானா?”

கேள்விக்குள்ளேயே ஒரு சிறு பிழை இருக்கிறது. அதை முதலில் சரிசெய்தால்தான் மீதிப் பதில் விளங்கும். அந்த ஆலயங்களை வெள்ளைக்காரர்கள் கட்டவில்லை. வரைபடம் போட்டவர்கள், சுண்ணாம்பு சுடக் காட்டிக்கொடுத்தவர்கள், நின்று வேலை வாங்கியவர்கள் என்று சில ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். ஆனால் கடலுக்குள் இறங்கிப் பாறையை வெட்டியதும் தோளில் சுமந்து வந்ததும் சுவர் எழுப்பியதும் அந்தந்த ஊர் மக்கள். அந்தத் தீவுகளுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் ஆளும் ஆங்கிலேயர் கிடையாது. அவரும் ஒரு தீவுக்காரர்தான். பெயர் பாபேயிஹா.

நம் ஊர் சபைகளில் ‘உபதேசியார்’ என்று ஒருவர் இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். மிஷனரி ஐயர் ஆண்டுக்கு இரண்டு முறை குதிரையிலோ பல்லக்கிலோ வந்து போவார். ஊரோடு இருந்து, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் நின்றவர் உபதேசியார். பசிபிக்கிலும் அதே கதைதான், இன்னும் பெரிய அளவில். அங்கே சென்ற லண்டன் மிஷன் சங்கம்தான் 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயையும் அனுப்பியது. நாஞ்சில் நாட்டில் அவருக்கு வழி திறந்துவிட்டவர் மயிலாடிக்காரரான மகாராசன் வேதமாணிக்கம். பாபேயிஹாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதமாணிக்கம் நினைவுக்கு வருகிறார்.

லண்டன் மிஷன் சங்கம் 1795இல் தொடங்கியது. அதன் ‘டஃப்’ என்ற கப்பல் 1797 மார்ச்சில் தஹிதியில் ஆட்களை இறக்கியது. பல ஆண்டுகள் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. தஹிதியின் தலைவர் இரண்டாம் பொமாரே மனம் மாறி 1819இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் காற்று திசை மாறியது. அந்தச் சமயத்தில் தஹிதிக்கு அருகில் ராயாடேயா தீவில் வேலை செய்துகொண்டிருந்த ஆங்கிலேய மிஷனரி ஜான் வில்லியம்ஸ். லண்டனில் இரும்புச் சாமான் கடையில் தொழில் பழகியவர். கையால் வேலை செய்யத் தெரிந்த ஆள். அது பின்னால் நிறையவே உதவியது.

1821 அக்டோபரில் சிட்னிக்குப் போகும் வழியில் வில்லியம்ஸ் குக் தீவுகளில் ஒன்றான ஐடுடாகியில் இரண்டு உபதேசிகளை இறக்கிவிட்டார். ஒருவர் பாபேயிஹா, இன்னொருவர் வஹபாடா. இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. பிறகு நடந்தது முழுக்க அந்த இருவர் பொறுப்பு. 1823இல் வில்லியம்ஸ் திரும்பி வந்து பார்த்தபோது ஊர் கிறிஸ்தவ ஊராகியிருந்தது. 200 அடி நீளத்துக்கு, சுண்ணாம்பு பூசிய ஒரு ஆலயமும் எழும்பியிருந்தது. பக்கத்தில் எந்த ஆங்கிலேயரும் இல்லை. இரண்டு தீவுக்காரர்கள், இரண்டே ஆண்டுகள்.

ஐடுடாகியில் அப்போது குக் தீவுகளில் பெரியதான ராரோடோங்காவைச் சேர்ந்த சிலர் இருந்தார்கள். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த விதம் கசப்பானது. 1814இல் ‘கம்பர்லேண்ட்’ என்ற கப்பல் சந்தனம் தேடி ராரோடோங்காவுக்குப் போனது. சந்தனம் கிடைக்கவில்லை. மாலுமிகள் ஊரைச் சூறையாட, இரு பக்கமும் உயிர்கள் போயின. கப்பல் சில பெண்களைத் தூக்கிக்கொண்டு போய் ஐடுடாகியில் விட்டுவிட்டுப் போனது. அவர்களில் ஒருவர் டபாயேரு, அவாருவா பகுதியின் பெருந்தலைவர் மகேயாவின் உறவுப் பெண். வில்லியம்ஸ் 1823 ஜூலையில் ராரோடோங்காவைத் தேடிக் கண்டுபிடித்தபோது டபாயேரும் கப்பலில் இருந்தார். முதலில் உபதேசிகள் மனைவிமாரோடு கரையிறங்கினார்கள். அன்று இரவே தலைவர்களில் சிலர் அந்தப் பெண்களை அபகரிக்கப் பார்த்தார்கள். டபாயேரு இரவு முழுக்க வாதாடிப் போராடி அவர்களைக் காப்பாற்றினார். விடிந்ததும் எல்லாரும் கிழிந்த உடையோடு கப்பலுக்குத் திரும்பினார்கள். வெள்ளைக்காரக் கப்பல் என்றாலே என்ன என்று 1814இலேயே பார்த்துவிட்ட தீவு அது. வேறு மாதிரி வரவேற்பை எதிர்பார்க்க முடியாது.

முயற்சியைக் கைவிட்டுவிடலாம் என்ற நிலையில், தனியாகவே இறங்குகிறேன் என்று முன்வந்தவர் பாபேயிஹா. வேதபுத்தகத்தைத் துணியில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு நீந்திக் கரையேறினார் என்று அந்தத் தீவில் இன்றும் சொல்கிறார்கள். சில மாதங்கள் கழித்து டிபேரியோ என்ற துணையாள் வந்து சேர்ந்தார். ஒருநாள் வயதான பூசாரி ஒருவர் தன் தெய்வ உருவத்தைக் கொண்டுவந்து இவர்கள் முன்னால் போட்டார். அதை அறுத்து விறகாக்கி, அந்த நெருப்பிலேயே வாழைக்காயைச் சுட்டு இரண்டு பேரும் தின்றார்கள். சுற்றி நின்றவர்கள் இவர்கள் செத்து விழுவார்கள் என்று காத்திருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு தெய்வ உருவங்களை எரிப்பது வேகமெடுத்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, கீழே சொல்கிறேன்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம்.

தீவில் கிடைப்பது என்ன? நடுவில் எரிமலைப் பாறை மலைகள். ராரோடோங்காவின் உயரமான சிகரம் 650 மீட்டருக்கு மேல். சுற்றிலும் ஒரு மெல்லிய கடற்கரைச் சமவெளி. அதற்கு வெளியே வேலி போல் பவளப்பாறைத் திட்டு. சாலையில் தீவை முழுதாகச் சுற்றி வந்தால் 32 கிலோமீட்டர்தான். செங்கல் சூளை கிடையாது, இரும்பு கிடையாது. வீடுகள் மரக்கால் நட்டு நாணல் வரிந்து ஓலை வேய்ந்தவை. கட்டடத் திறமை இல்லாமல் இல்லை. ஆணியே இல்லாமல் கயிற்றாலும் மரமுளையாலும் இணைக்கும் கலையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். 1827இல் அங்கே 3,000 பேர் அமரும்படி ஒரு ஆலயத்தை இரண்டே மாதத்தில் கட்டினார்கள். அதில் ஒரு இரும்பு ஆணி கூடக் கிடையாது.

புதிதாக வந்தது சுண்ணாம்பு. முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, சுட்டுச் சுண்ணாம்பாக்குவது நம் கரையோரங்களில் பழைய தொழில். ராமேஸ்வரம், கீழக்கரை, யாழ்ப்பாணம் பக்கம் பழைய வீடுகளில் முருகைக்கல் சுவரையே பார்க்கலாம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கல்லில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளும் பூவிதழ் போன்ற கோடுகளும் நினைவிருக்கும். பவளப்பூச்சிகளின் எலும்புக்கூடுதான் அந்தக் கல். அதே கல்தான் ராரோடோங்காவிலும்.

ஆனால் 1820களில் குக் தீவினருக்கு இந்தத் தொழில் தெரியாது. ஐடுடாகியில் முதல்முறை சுண்ணாம்பு சுட்டதை வில்லியம்ஸ் விவரமாக எழுதியிருக்கிறார். உபதேசிகள் பெரிய குழி வெட்டி, விறகை அடுக்கி, மேலே பவளக்கல்லைக் குவித்துத் தீ மூட்டினார்கள். ஊரே கூடிவிட்டது. கல்லைச் சுட்டுத் தின்னப்போகிறார்கள் போலிருக்கிறது, இனிப் புயல் வந்து வாழையையும் ஈரப்பலாவையும் அடித்துக்கொண்டு போனாலும் பஞ்சம் கிடையாது என்று சிரித்தார்களாம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கல் இல்லை, வெண்மையான மாவு. அந்த மகிழ்ச்சியில் தொப்பியிலும் உடையிலும் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பிறகு அதை மணலோடு குழைத்து ஆலயச் சுவரில் ஒரு பகுதியைப் பூசி, பாயால் மூடி வைத்தார்கள். அடுத்த நாள் பாயை விலக்கியதும் கல்லைப் போல இறுகி மின்னிய சுவரைப் பார்க்க ஊரே திரண்டது. சிலர் விரலால் சுரண்டிப் பார்த்தார்கள், சிலர் கல்லால் தட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் வியந்ததில் ஆச்சரியமே இல்லை. பவளக்கல் கால்சியம் கார்பனேட். 900 டிகிரிக்கு அருகில் சுட்டால் அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணலோடு சேர்த்துப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிவிடும். கல்லை மாவாக்கி, மாவை வேண்டிய வடிவில் மறுபடி கல்லாக்குவது. இரும்புக் கருவியே இல்லாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் வேறு இருந்திருக்க முடியாது. விறகும் கடலும் போதும்.

அடுத்த கட்டம் பூச்சிலிருந்து முழுக் கல் சுவருக்குப் போனது. அதன் மிக அழகான உதாரணம் ராரோடோங்காவின் தெற்குக் கரையில் டிடிகாவேகா கிராமத்தின் ஆலயம், 1841இல் கட்டியது. பக்கத்தில் டிகியோகி என்ற இடத்துப் பவளத்திட்டிலிருந்து கட்டி கட்டியாகக் கையால் வெட்டி எடுத்து, மக்களே சுமந்து வந்து எழுப்பிய சுவர் அது. இன்று டிகியோகியில் பயணிகள் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க இறங்குகிறார்கள். அதே தண்ணீரில் கடல் வற்றிய நேரம் பார்த்து மக்கள் இறங்கிக் கல் வெட்டினார்கள். நனைந்த பவளக்கட்டி எவ்வளவு கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யார் எத்தனை கல் சுமந்தார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. பொதுவாகப் புத்தகங்களில் இந்த வகை ஆலயங்களுக்குக் கீழே மிஷனரியின் பெயர்தான் இருக்கும். எனக்கு அது எப்போதும் உறுத்தல்.

மரவேலைக்குத் தீவின் சொந்த மரங்கள். நம் புன்னை அங்கேயும் வளர்கிறது, ‘தமானு’ என்பார்கள். படகுக்கும் வீட்டுக்கும் அதுதான் முதல்தர மரம். கூரைக்குத் தாழை ஓலை. தகரக்கூரை பிற்காலத்தில் வந்தது. கயிறு தேவையென்றால் நீர்ப்பருத்தி நார். அந்த நாரையும் பாய்களையும் கொண்டு 1827இல் வில்லியம்ஸ் ராரோடோங்காவில் ஒரு கப்பலையே கட்டினார். 60 அடி நீளம், பதினைந்து வாரங்களுக்குள் முடிந்த வேலை. உலைத்துருத்திக்குத் தோல் வேண்டும் என்று தீவில் இருந்த கொஞ்ச ஆடுகளை வெட்டித் தோலெடுத்தால், ஒரே இரவில் எலிகள் தோலைத் தின்றுவிட்டன. அப்புறம் மரப்பெட்டியில் உந்துதண்டு வைத்துக் காற்றடித்தார்கள்.

ஆலய வேலையின்போது நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் போக மனமில்லை. வேலைத்தளத்துக்கு மூலைமட்டம் எடுத்துவர மறந்த வில்லியம்ஸ், ஒரு மரச்சிராயில் கரித்துண்டால் எழுதி, அருகில் நின்ற தலைவர் ஒருவரிடம் கொடுத்துத் தன் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். “என்ன சொல்ல வேண்டும்?” என்று கேட்டவரிடம், ஒன்றும் சொல்ல வேண்டாம், இதுவே சொல்லும் என்றார். திருமதி வில்லியம்ஸ் சிராயைப் பார்த்தார், மூலைமட்டத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தலைவர் சிராயை விடவில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேசத் தெரிந்த மரத்துண்டு இது என்று ஊரெல்லாம் காட்டினார். வெறும் வேடிக்கையாக இதை நான் படிக்கவில்லை. எழுத்து என்ன செய்யும் என்று ஒரு நொடியில் பிடித்துக்கொண்ட மனிதர் அவர். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தீவினர் தங்கள் மொழியில் எழுதப் படிக்கக் கற்றார்கள். ராரோடோங்கா மொழியில் புதிய ஏற்பாடு 1836இலும் முழு வேதாகமம் 1851இலும் அச்சில் வந்தன. சிறுவயதில் நரமாமிசம் உண்ணும் வழக்கத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்த மரேடு என்பவர் பிற்காலத்தில் போதகராகி, அந்தப் பழைய காலத்தையும் மாறிய காலத்தையும் தன் தாய்மொழியில் 1871இல் எழுதி வைத்தார். தீவின் வரலாற்றுக்கு இன்று அது அடிப்படைச் சான்று.

புயல்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஆலயங்களின் வயது புரியாது. 1831 டிசம்பரில் வந்த புயல் ஊர்களையும் ஆலயங்களையும் சாய்த்ததோடு, மேலே சொன்ன அந்தக் கப்பலைக் கடலிலிருந்து தூக்கிப் பல நூறு கெஜம் உள்ளே கொண்டுபோய் மரங்களுக்கு நடுவே வைத்தது. 1846 மார்ச்சில் இன்னொன்று. ஓலையும் மரமும் தாங்காது என்று மக்களுக்குப் புரிந்துபோயிற்று. ராரோடோங்காவின் அரோராங்கி கிராமத்தில் இன்று நிற்கும் ஆலயம் 1849இலும் அவாருவாவின் பெரிய ஆலயம் 1853இலும் கட்டியவை. இரண்டுமே அந்த 1846 அழிவுக்குப் பின் எழுந்தவை. தடித்த சுவர், ஒடுங்கிய உயர்ந்த சன்னல், பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் சுவர்கள் எல்லாம் ஐரோப்பியப் பாணி என்று கலை வரலாற்றாளர் சொல்லலாம். எனக்கு அவை புயலுக்குச் சொன்ன பதிலாகவே தெரிகின்றன. குக் தீவுகளில் மிகப் பழைய ஆலயம் ஐடுடாகியின் அருடாங்கா கிராமத்தில் இருக்கிறது. 1828 என்று கணக்கு.

அரோராங்கியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதியின் தலைவர் டினோமானா. அவருடைய மக்கள் பலம் பொருந்திய அண்டை வீட்டாருக்குப் பயந்து மலைப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள். தீவின் தலைவர்களில் முதலில் புதிய மதத்தை ஏற்றுத் தெய்வ உருவங்களை எரித்தவர் அவர்தான். நம்பிக்கையும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். புதிய சமாதானத்தில் கடற்கரைக்கு இறங்கி வர அவர் மக்களுக்கு வழி கிடைத்தது. பாபேயிஹா டினோமானாவின் மகளை மணந்து அந்த ஊர் மருமகனாகிவிட்டார். 1867இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், ராரோடோங்காவிலேயே இருந்தார். ஆங்கிலேய மிஷனரிகள் பிட்மனும் பஸக்காட்டும் மற்ற ஊர்களைப் பார்த்துக்கொள்ள, அரோராங்கி பாபேயிஹாவின் பொறுப்பு. அவருடைய கல்லறை அந்த ஆலயத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த வருத்தத்துக்கு வருகிறேன். இந்த வெள்ளைச் சுவர்களின் அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிக் கதை.

பழைய ராரோடோங்காவில் மக்கள் உள்நாட்டில், ‘ஆரா மேடுவா’ என்ற கல் பாவிய பழஞ்சாலையை ஒட்டிச் சிதறி வாழ்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று தீவினர் சொல்லும் சாலை அது. ஒவ்வொரு குலத்துக்கும் ‘மராயே’ என்ற கல் பாவிய வழிபாட்டு வெளி இருந்தது. மிஷன் வந்தபின் மக்களைக் கடற்கரைக்கு இறக்கி, ஆலயத்தைச் சுற்றிப் புதுக் கிராமங்களில் குடியமர்த்தினார்கள். மேற்பார்வைக்கு வசதி. தொற்றுநோய்க்கும் அதுவே வசதியாகிப்போனது. 1830இல் வந்த வயிற்றுப்போக்கு நோய் ஆரம்பம் மட்டுமே. தொடர்ந்து கப்பல்களோடு வந்த நோய்களுக்கு அந்த மக்களின் உடலில் எதிர்ப்பு கிடையாது. 1820களின் இறுதியில் 6,000 முதல் 7,000 பேர் என்று மதிப்பிட்ட ராரோடோங்காவின் மக்கள்தொகை, 1860களில் சுமார் 2,000 ஆகச் சுருங்கிவிட்டது. ஆகவே இன்னொன்றையும் கவனியுங்கள். 1841, 1849, 1853 என்ற இந்த ஆண்டுகள் செழிப்பின் ஆண்டுகள் கிடையாது. பாதிச் சனத்தை இழந்துகொண்டிருந்த ஊர்கள் கட்டிய ஆலயங்கள் இவை. ஆலயத் தோட்டத்துக் கல்லறைகளையும் சுவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எரிந்த தெய்வ உருவங்கள் திரும்பி வரவில்லை. ராரோடோங்காவின் தெய்வத்தடி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம், மரப்பட்டைத் துணி பெரிய சுருளாகச் சுற்றியபடியே. துணிச் சுற்றோடு முழுதாகத் தப்பியது அது ஒன்றுதான். எத்தனை கலைஞர்களின் கைவேலை அந்த நெருப்புகளில் போயிற்று என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. எரித்தவர்கள் தீவு மக்களே என்பதும் உண்மை. அதில் பலருக்கு அது விடுதலையாகவே இருந்தது என்பதும் உண்மை. குலச்சண்டைகளும் நரபலியும் நின்றன. அதற்குப் பதிலாக மிஷன் சட்டமும் ஊர்க் காவலர்களும் வந்தார்கள். இரவு நடமாட்டம் முதல் ஆண் பெண் உறவு வரை எல்லாவற்றுக்கும் அபராதம்.

இதைவிடக் கசப்பான ஒன்று வடக்கே டோங்கரேவா தீவில் நடந்தது. 1862, 63 ஆண்டுகளில் பெரு நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. அப்போது தென்னைகள் நோயில் பட்டுப்போய்த் தீவில் பஞ்சம். நல்ல ஆலயம் கட்டப் பணம் வேண்டும் என்ற ஆசை வேறு. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வரலாம் என்று போதகர்களின் ஒப்புதலோடே நூற்றுக்கணக்கான மக்கள் கப்பலேறினார்கள். அநேகமாக யாருமே திரும்பவில்லை. தோட்டங்களிலும் வீட்டு வேலைகளிலும் நோயிலும் போய்விட்டார்கள். ஒரு ஆலயத்துக்காக ஒரு தீவே ஏறத்தாழக் காலியான கதை இது. பசிபிக் ஆலயங்களைப் பற்றி யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் கருத்து.

ஆனாலும் அந்த மக்களை வெறுமனே பாதிக்கப்பட்டவர்களாகப் பார்ப்பதும் தவறு. 1839இல் பஸக்காட் அவாருவாவில் டகாமோவா என்ற போதகர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்த தீவுக்காரத் தம்பதிகள் சமோவா, நியூ கலிடோனியா பக்கத்துத் தீவுகள், 1872 முதல் பப்புவா என்று பசிபிக் முழுக்கப் போனார்கள். பப்புவாவின் மலேரியாவில் பலர் மாண்டார்கள். துவாலுவுக்குக் கிறிஸ்தவம் போன விதம் இன்னும் விசித்திரம். 1861இல் குக் தீவுகளின் வடக்கே மனிஹிகி தீவைச் சேர்ந்த எலெகானா என்ற டீக்கனின் படகு புயலில் சிக்கி எட்டு வாரம் மிதந்து நுகுலாயேலாயே தீவில் ஒதுங்கியது. பிழைத்து எழுந்தவர் அங்கேயே போதிக்கத் தொடங்கிவிட்டார். இந்தப் பெயர்களை நம்மில் யாரும் கேள்விப்பட்டதில்லை. 1839இல் எர்ரோமாங்கோ தீவில் கொலையுண்ட ஜான் வில்லியம்ஸின் பெயர் மட்டும் ஞாயிறு பள்ளிப் புத்தகங்கள் வழியாக உலகமெல்லாம் போனது.

கேள்வியின் கடைசிப் பகுதி: இன்று இவை சுற்றுலா இடங்கள் மட்டும்தானா? இல்லவே இல்லை. மிஷன் சபையின் வாரிசான குக் தீவுகள் கிறிஸ்தவ சபைக்குத்தான் இன்றும் நாட்டில் மிகப் பெரிய எண்ணிக்கை. மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஞாயிறு காலை பத்து மணி ஆராதனைக்கு ஊர் முழுக்க வருகிறது. இளந்தென்னங் குருத்தை உரித்து வெளுக்கவைத்துப் பின்னிய ‘ரீடோ’ தொப்பி பெண்கள் தலையில். பேச்சு பெரும்பாலும் அவர்களுடைய மாவோரி மொழியில். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் ஆங்கிலம்.

பாட்டைக் கேட்டால்தான் அந்தச் சுவர்கள் யாருடையவை என்று விளங்கும். ‘இமேனே டுகி’ என்பார்கள். வாத்தியம் கிடையாது. ஒரு பெண்குரல் உயர்ந்து எடுக்க, மற்றப் பெண்கள் சேர, கீழே ஆண்கள் அடிவயிற்றிலிருந்து ‘ஹு, ஹு’ என்று தாளக்கட்டோடு உந்துவார்கள். அந்த உந்தலுக்குத்தான் ‘டுகி’ என்று பெயர். சொற்கள் வேதாகமம், ஓசை அதற்கும் முந்தியது. நம் ஊரில் ஐரோப்பியப் பாமாலைகளோடு வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகளும் ஆலயத்துக்குள் வந்தனவே, அதற்கு ஒப்பான ஒன்றுதான் இது. மராயேயை இடித்தாலும் அங்கே பாடிய தொண்டை அப்படியே ஆலயத்துக்குள் வந்துவிட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 26 நாட்டில் நற்செய்தி தின விடுமுறை. பாபேயிஹா ஐடுடாகியில் இறங்கிய நாள் அது. அன்று ஊருக்கு ஊர் ‘நுகு’ என்ற பெரிய நாடகம் போடுவார்கள். வேதக் கதைகளோடு, பாபேயிஹா கரையேறும் காட்சியும் இடம்பெறுவது உண்டு.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகைக் கட்டடங்களுக்கு இப்போதைய பெரிய எதிரி புயலை விட, நல்லெண்ணத்தோடு பூசும் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறும் ஈரத்தையும் உப்பையும் மெல்ல வெளியேற்றிவிடும். விரிசல் தெரிகிறது என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லைப் பொடியாக்கும். உப்புக் காற்றில் உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சுவரைப் பிளக்கும். நம் கடற்கரையோரப் பழைய ஆலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நடப்பது இதேதான். சரியான வழி பழையபடி சுண்ணாம்பு பூசுவது. ஆனால் கல்லைச் சுட்டு நீற்றத் தெரிந்தவர்கள் இங்கேயும் குறைந்துவிட்டார்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பவளத்திட்டை வெட்டுவது இன்று யாரும் செய்யக்கூடாத காரியம். கரையைக் காக்கும் வேலியே அதுதான். ஆகவே இருக்கும் கல்லைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்றே வழி.

போகும் வாய்ப்புக் கிடைத்தால் டிடிகாவேகாவில் தொடங்குங்கள். சுவரில் பூச்சு பெயர்ந்த இடம் எங்கேயாவது இருந்தால் பவளத்தின் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு அரோராங்கியில் பாபேயிஹாவின் கல்லறை. கையோடு உள்நாட்டுச் சாலையில் ஏறி அராய் டே டோங்கா மராயேயையும் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் ஆலயங்களை மட்டும் பார்ப்பது சரியாகாது. ஞாயிறு ஆராதனைக்குப் போனால் தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். பாட்டு முடியும் வரை கேமராவை எடுக்க வேண்டாம். வெளியே வந்ததும் ஊர்க்காரர்கள் தேநீருக்கு அழைப்பார்கள். மறுக்காமல் உட்கார்ந்து, அந்தச் சுவருக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் யார் கல் சுமந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.